தந்தையின் மூடிய முகம்: சிறுமலர் தெரேசாவின் நூலில் ஒரு மகளின் நினைவு

மறைந்த தாயைப் பற்றி எழுத அமர்பவனுக்குக் கண்ணீர் கைகொடுக்கும். மறைந்த தந்தையைப் பற்றி எழுத அமர்பவனுக்கோ பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் கைகொடுக்கிறது. அவர் வகித்த பொறுப்புகள், கட்டிய வீடு, கரைசேர்த்த பிள்ளைகள், கோவிலுக்குச் செய்த கைங்கரியம் ஆகியவை வரிசையாக வந்து நிற்கும். பட்டியல் முடியும்போது கட்டுரையும் முடிந்துவிடும். படித்து முடித்தவர் மனத்தில் ஒரு மதிப்பிற்குரிய மனிதர் நிற்பார். ஒரு தந்தை நிற்பாரா என்பது ஐயமே. குடும்பத்தின் தலைவராக, எல்லாருக்கும் நிழல் தந்த மரமாக வாழ்ந்தவரை எழுத்தில் நிறுத்துவது அத்துணை எளிதன்று. நிழலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்து, மரத்தைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

இந்தக் குறையை வென்ற நூல் ஒன்று நம் இல்லங்கள் பலவற்றில் செப மாலைக்கும் செபப் புத்தகத்திற்கும் அருகில் பல்லாண்டுகளாக இருந்து வருகிறது. ஆயினும் அதை ஒரு மகள் தன் தந்தைக்கு எடுத்த நினைவு நூலாக நாம் வாசித்ததில்லை. குழந்தை இயேசுவின் புனித தெரேசா எழுதிய ‘ஓர் ஆன்மாவின் வரலாறு’ என்ற நூலையே குறிப்பிடுகிறேன். சிறு வழியின் ஆன்மீகத்தைத் தேடி அதைப் படித்திருக்கிறோம். நவநாள் செபங்களுக்குப் பொன்மொழிகள் தேடியும் படித்திருக்கிறோம். அந்நூலின் முதற் பகுதி எழுதப்பட்ட காலத்தை மட்டும் நாம் கவனிக்கத் தவறினோம். தெரேசாவின் தந்தை லூயி மார்ட்டின் இறந்தது 1894 ஜூலை 29-ஆம் நாள். லிசியு கார்மேல் மடத்தின் தலைவியாக அப்போது இருந்தவர் தெரேசாவின் உடன்பிறந்த அக்கா பவுலின். இளமை நினைவுகளை எழுதும்படி அவர் இட்ட கட்டளையை ஏற்று, 1895 ஜனவரியில் தெரேசா எழுதத் தொடங்கினார். தந்தை இறந்து ஆறு மாதங்கள்கூட நிறையவில்லை. துக்கத்தின் ஈரம் காயுமுன் எழுதப்பட்ட பக்கங்கள் இவை. எழுதியவரும் மகள், முதலில் வாசிக்கவிருந்தவரும் மகள்.

லூயி மார்ட்டின் 1823-இல் பிறந்தவர், கடிகார வினைஞர். துறவற வாழ்வை நாடிச் சென்று, இலத்தீன் மொழி தெரியாமையால் திருப்பி அனுப்பப்பட்டவர். 1858-இல் லேஸ் பின்னல் தொழில் நடத்திய ஸெலி குவேரனை அலென்சோன் நகரில் மணந்தார். ஒன்பது பிள்ளைகள் பிறந்தனர். நால்வர் சிறுவயதிலேயே இறந்தனர். எஞ்சிய ஐவரும் பெண்கள். 1877-இல் ஸெலி மார்பகப் புற்றுநோயால் மறைந்தபோது கடைக்குட்டி தெரேசாவுக்கு வயது நான்கு. தாயற்ற ஐந்து பெண்களையும் அழைத்துக்கொண்டு, மனைவியின் தம்பி குடும்பம் வாழ்ந்த லிசியு நகருக்கு அவர் குடிபெயர்ந்தார். இவ்வளவும் வரலாறு. இந்த மனிதரை மகள் எவ்வாறு நினைவில் நிறுத்துகிறாள் என்பதே நம் ஆய்வுக்குரியது.

தெரேசா தந்தையின் நற்குணங்களை எண்ணிச் சொல்பவர் அல்லர். அவர் காட்டுவன சிறு சிறு காட்சிகள். கோவிலில் மறையுரை நடக்கிறது. சிறுமி தெரேசாவின் பார்வை மறையுரையாளரைவிடத் தந்தையின் முகத்தின் மீதே அதிகம் தங்குகிறது. அந்த முகமே அவளுக்கு மறையுரை. மாலை வேளையில் தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு வீடு திரும்புகிறாள். வானத்து விண்மீன் கூட்டம் ஒன்றில் தன் பெயரின் முதல் எழுத்தைக் கண்டு மகிழ்கிறாள். பிறகு தரையைப் பார்க்க மனமில்லாமல், தலையை அண்ணாந்து விண்ணையே பார்த்தபடி, வழிநடத்தும் பொறுப்பைத் தந்தையிடம் விட்டுவிடுகிறாள். ‘என் தந்தை நம்பிக்கைக்குரியவர்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் நாம் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம். அண்ணாந்த தலையும் பற்றிய கையும் அவ்வாறு மறப்பதற்குரியவை அல்ல.

இதற்கு அடுத்து வருவது துணிவு மிக்க இடம். 1886-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நள்ளிரவுத் திருப்பலி முடிந்து குடும்பம் வீடு திரும்புகிறது. குழந்தைகளின் காலணிகளில் பரிசுப் பொருள்களை வைத்துத் தரும் வழக்கம் அவ்வீட்டில் உண்டு. பதினான்கு வயதை எட்டவிருந்த தெரேசாவுக்கும் அவ்வாண்டு காலணி வைக்கப்பட்டிருந்தது. களைத்துப்போயிருந்த தந்தை அதைக் கண்டு சலிப்புற்று, நல்லவேளை, இதுதான் கடைசி ஆண்டு என்னும் பொருள்பட ஏதோ சொல்லிவிடுகிறார். மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த மகளின் காதில் அது விழுகிறது. எதற்கெடுத்தாலும் அழும் இயல்புடைய அவள் அன்று கண்ணீரை அடக்கிக்கொண்டு இறங்கிவந்து, ஒன்றும் கேளாதவள்போல் பரிசுகளை ஒவ்வொன்றாக எடுத்து மகிழ்கிறாள், தந்தையும் சிரிக்கிறார். அந்த இரவையே தம் முழுமையான மனமாற்றத்தின் இரவாகத் தெரேசா கருதுகிறார்.

மனமாற்றத்தைப் பற்றி விரிவாகப் பேசும் நாம், அதற்கு வாயிலாக இருந்தது தந்தையின் ஒரு கடுஞ்சொல் என்பதைக் கடந்து சென்றுவிடுகிறோம். அண்மையில் தந்தையை இழந்த மகள், அவரை அரசர் என்றே அழைத்து வந்த மகள், அவர் பொறுமை இழந்த நொடியை ஏன் எழுத வேண்டும்? விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. அவர் அதை விடவில்லை. தந்தையைக் குற்றம் சாட்டவும் இல்லை. களைத்திருந்தார் என்ற உண்மையை மட்டும் உடன் வைக்கிறார். களைத்துப்போன ஒரு மனிதரின் சலிப்புக்குள்ளும் இறையருள் நுழைய முடிந்தது என்பதே அவர் சாட்சியம். குறையற்ற தந்தையை நினைவில் படைத்திருந்தால் இந்த அருளின் வரலாறே இந்நூலில் இடம் பெற்றிராது.

நூலின் மிகக் கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது. 1888 ஏப்ரலில் தெரேசா மடம் புகுந்த சில வாரங்களிலேயே தந்தையின் மனநிலை தடுமாறத் தொடங்கியது. ஜூன் மாதம் யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போனவரைச் சில நாள்கள் தேடி, இலெஆவர் துறைமுக நகரில் கண்டுபிடித்தார்கள். 1889 ஜனவரி 10-ஆம் நாள் மகளின் துறவாடை அணியும் சடங்கில் அவர் கலந்துகொண்டார். ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 12-இல், கான் நகர மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். அக்காலத்தில் அத்தகைய இடத்திற்குப் போவது குடும்பத்துக்கே பெருத்த அவமானமாகக் கருதப்பட்டது. மகள்கள் ஒருவர் பின் ஒருவராக மடத்துக்குப் போனதே, அதிலும் கடைக்குட்டி போனதே, தகப்பனை இந்நிலைக்கு ஆளாக்கியது என்று ஊர்வாய் பேசியது. அந்தப் பேச்சு மடத்தின் சுவருக்குள்ளும் எட்டியது.

இதை எழுத வேண்டிய இடத்தில் தெரேசா என்ன செய்கிறார்? அவர் விவரம் எதையும் அடுக்கவில்லை. மருத்துவமனையில் நடந்தவற்றைச் சொல்லவில்லை. அந்த வேதனையைச் சொற்கள் தாங்கா என்று கூறி நிறுத்திக்கொள்கிறார். ஆனால் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறார். அதற்கு முன், இன்னும் அதிகமாகத் துன்புற என்னால் இயலும் என்று சொல்லி வந்தவர், அந்த நாளில் அப்படிச் சொல்லவில்லை என்று எழுதுகிறார். புனிதர்களின் வரலாறுகளில் இத்தகைய வரி அரிது. அந்த மூன்று ஆண்டுகளைத் தந்தையின் மறைசாட்சியம் என்றும், குடும்பத்தின் செல்வம் என்றும் அவர் பின்னர் மதிப்பிடும்போது நாம் நம்புகிறோம் என்றால், இந்த வரியே காரணம். இது இல்லாதிருந்தால் அந்த மதிப்பீடு வெறும் பக்திச் சொல்லாகவே ஒலித்திருக்கும்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். விவரங்களை விடுத்தது மறைத்தல் ஆகாதா? நாம் நினைவு மலர்களில் செய்வதும் அதுதானே? இதற்கு விடை காண விவிலியத்தின் ஒரு பழைய காட்சி துணை செய்கிறது. தொடக்க நூல் ஒன்பதாம் அதிகாரத்தில், மது அருந்தி ஆடை விலகிக் கூடாரத்தில் கிடந்த நோவாவை அவருடைய மகன் காம் கண்டு, வெளியே இருந்த சகோதரர்களிடம் சொன்னான். சேமும் எப்பேத்தும் ஒரு மேலாடையைத் தோள்மீது போட்டுக்கொண்டு, பின்னோக்கி நடந்து சென்று தந்தையை மூடினார்கள். காம் வெளிப்படுத்தினான், அவர்கள் மூடினார்கள். இவ்வளவில் நாம் நின்றுவிடுகிறோம். அந்த இருவரும் தந்தை விழுந்து கிடந்த இடத்திற்கே சென்றார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். எங்கள் தந்தை விழவே இல்லை என்று கூடாரத்திற்கு வெளியே நின்று அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அன்பினால் மூடுவதும் அவமானத்தினால் மறைப்பதும் ஒன்றல்ல. மூடுபவன் அருகே செல்கிறான். மறைப்பவன் விலகி நிற்கிறான். விவிலிய ஆசிரியரும் நோவாவின் வீழ்ச்சியை நீக்கிவிடாமல், மகன்களின் மேலாடையையும் சேர்த்தே எழுதிவைத்தார்.

தெரேசாவின் எழுத்து சேமின் மேலாடை போன்றது. இதற்கு நூலிலேயே வியப்பான சான்று ஒன்று உள்ளது. ஆறு அல்லது ஏழு வயதில் தாம் கண்ட காட்சி ஒன்றை அவர் விவரிக்கிறார். தந்தை வெளியூர் சென்றிருந்த ஒரு பிற்பகலில், சன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தந்தையைப் போன்றே உடையும் உயரமும் நடையும் கொண்ட ஒருவர் செல்வதைக் கண்டாராம். அவர் மிகவும் கூனியிருந்தார். தலை ஒரு துணியால் மூடப்பட்டிருந்தது. அப்பா, அப்பா என்று அவள் அலறிய குரல் கேட்டு அக்காமார் ஓடிவந்தனர். தோட்டத்தில் தேடியும் யாரும் இல்லை. வேலைக்காரப் பெண் தலையை மூடிக்கொண்டு விளையாடினாளோ என்று விசாரித்தார்கள், அதுவும் இல்லை. பல ஆண்டுகள் கழித்து, தந்தையின் நோய்க்குப் பிறகே அதன் பொருள் துலங்கியது என்கிறார். பாடுகளின்போது இயேசுவின் திருமுகம் மறைக்கப்பட்டதுபோல், அவர் ஊழியரின் முகமும் மறைக்கப்பட வேண்டியிருந்தது என்று இரண்டையும் இணைக்கிறார். குழந்தை இயேசுவின் தெரேசா என்ற தம் துறவறப் பெயருடன் திருமுகம் என்பதையும் அவர் சேர்த்துக்கொண்டது 1889 ஜனவரியில் துறவாடை பெற்ற காலத்தில்தான்.

அக்காட்சி உண்மையா, குழந்தையின் கற்பனையா என்று வாதிடுவது திறனாய்வாளனின் வேலையன்று. அது நூலில் செய்யும் பணியே நமக்கு முக்கியம். கோவிலில் மறையுரையைவிட அதிகமாகப் பேசிய முகம், இங்கே துணியால் மூடப்பட்ட முகமாகிறது. இரண்டும் ஒரே தந்தையின் முகங்கள். முதல் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை எறிந்துவிட மகள் மறுக்கிறாள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நல்ல தந்தை வாய்த்ததால்தான் தெரேசாவால் கடவுளைத் தந்தையாக நம்ப முடிந்தது என்று நாம் மறையுரைகளில் சொல்லி வருகிறோம். அது பாதி உண்மையே. விண்மீன்களைப் பார்த்தபடி நடந்தவளின் கையைப் பிடித்து வழிநடத்தியவர், பின்னாளில் தாமே பிறர் கையைப் பிடித்து நடக்க வேண்டியவரானார். அதைக் கண்ட பிறகும் நிலைத்த நம்பிக்கையே அவருடைய நம்பிக்கை. நல்ல தந்தை வாய்க்காதவர்களும், நல்ல தந்தை நோயால் வேறொருவராக மாறியதைக் கண்டவர்களும் இந்நூலை அணுகலாம் என்பதற்கு இதுவே காரணம்.

குறைகளும் இல்லாமல் இல்லை. அரசர், சிற்றரசி போன்ற செல்லப் பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் வருவது இன்றைய வாசகருக்குத் திகட்டலாம். பூ, பொம்மை, பறவை என்னும் உவமைகள் சில இடங்களில் கருத்தின் வன்மையை மறைக்கின்றன. பதிப்பு வரலாறும் இதற்குத் துணை போயிற்று. 1898-இல் 2,000 படிகளாக முதலில் வெளிவந்த நூல், பவுலின் திருத்திச் செப்பனிட்ட வடிவம். அவர் செய்த திருத்தங்கள் 7,000-க்கும் மேல் எனக் கணக்கிடப்பட்டுள்ளன. தெரேசாவின் கைப்பட எழுதிய மூலம் 1956-இல்தான் அப்படியே வெளியிடப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் வாசித்தது அக்காவின் கை பட்ட தங்கையை. அன்புடையவர்களே ஒருவரின் நினைவை மெருகேற்றிவிடுகிறார்கள் என்பதற்கு இந்நூலின் வரலாறே எடுத்துக்காட்டு.

மருத்துவமனையில் தந்தை இருந்த காலத்தில் அவருக்கு அருகில் இருந்தவர்கள் செலினும் லெயோனியும். கான் நகரிலேயே சில மாதங்கள் தங்கியிருந்து, பின்னர் லிசியுவிலிருந்து சென்று பார்த்து வந்தார்கள். 1892 மே மாதம் கால்கள் செயலிழந்த நிலையில் தந்தையை வீட்டுக்கு அழைத்து வந்த பின், இறுதிவரை உடனிருந்து பணிவிடை செய்தவர் செலின். மடத்துச் சுவருக்குள் இருந்த தெரேசாவுக்கு அது கிட்டவில்லை. செலினின் அந்த உழைப்பை நூல் இன்னும் சற்று விரிவாகச் சொல்லியிருக்கலாமே என்ற ஏக்கம் வாசகருக்கு எழுவது இயல்பு.

ஆயினும் செலினைப் பற்றிய ஓரிடம் நெஞ்சை விட்டு அகலாதது. தந்தை இறந்த பின் அவர் நேரே விண்ணகம் சென்றாரா என்று அறிய தெரேசா ஓர் அடையாளம் கேட்கிறார். செலின் அதே மடத்தில் சேர்வதை எதிர்த்து வந்த சகோதரி ஒருவர் மனம் மாறினால் அதுவே அடையாளம் என்று வேண்டுகிறார். செபம் முடிந்து வெளியே வந்தவர் முதலில் சந்தித்ததே அந்தச் சகோதரியை. செலினின் வருகையைப் பற்றித்தான் கண்ணீருடன் அவர் பேசினார். செலின் 1894 செப்டம்பரில் மடம் புகுந்தார். இங்கே நான் காண்பது விடையை விடக் கேள்வியை. தந்தையை மறைசாட்சி என்று மதித்த மகளும் அவருக்காகக் கேட்க வேண்டியிருந்தது. முன்முடிவாக எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அடக்கத் திருப்பலியின் மறையுரை இறந்தவருக்கான புகழுரையாக அமையக் கூடாது என்று உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை கூறுகிறது. இது இறந்தவரை மதிக்காத விதி என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இறந்தவருக்கு இரக்கம் காட்டும்படி நாம் இறைவனை வேண்டுகிறோம். குறையே இல்லாதவருக்கு இரக்கம் எதற்கு? புகழுரையில் தந்தையைப் புனிதராக்கிவிட்டு, அடுத்த நொடியே அவர் ஆன்மா இளைப்பாற்றிக்காகப் பூசைக் கருத்து கொடுப்பது நம் வழக்கம். இரண்டில் எதை நாம் உண்மையில் நம்புகிறோம்?

நம் இல்லங்களில் இன்று இது வெறும் இலக்கியக் கேள்வியன்று. முதுமையில் நினைவிழந்து, பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்கும் தந்தையர் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் இறந்ததும் நினைவு அட்டையில் அச்சிடத் தேர்ந்தெடுக்கப்படுவது பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய நிழற்படம். கடைசி ஆண்டுகள் அட்டையில் இல்லை. முப்பதாம் நாள் நினைவுரையில் இல்லை. சில காலம் சென்றால் குடும்பப் பேச்சிலும் இருப்பதில்லை. அந்த ஆண்டுகளை நீக்கும்போது தந்தையின் பலவீனம் மட்டும் நீங்குவதில்லை. இரவெல்லாம் விழித்திருந்து அவரைக் குளிப்பாட்டி உணவூட்டிய மகளும் மருமகளும் சேர்ந்தே நீங்கிவிடுகிறார்கள். பதவிகளின் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. தம் வாழ்வின் மிகக் கடினமான அன்புப் பணியை, நடவாத ஒன்றைப்போல் அவர்கள் விழுங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திருக்குடும்பத் திருவிழாவில் வாசிக்கப்படும் சீராக்கின் ஞான நூலின் மூன்றாம் அதிகாரம் இதைப் பேசத் தயங்கவில்லை. தந்தையை மதி என்று பொதுவாகச் சொல்லி நில்லாமல், அவரது அறிவு குறைந்துபோனாலும் பொறுமையாய் இருக்கும்படி மகனுக்கு அறிவுறுத்துகிறது. இத்தகைய தந்தையரை இறைவார்த்தை அறிந்திருக்கிறது. அதைக் கோவிலில் உரக்க வாசிக்கவும் செய்கிறோம். பிறகு வீட்டில் மட்டும் ஏன் குரல் தாழ்த்த வேண்டும்?

லூயி மார்ட்டினையும் ஸெலியையும் 2015 அக்டோபர் 18-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர்களாக அறிவித்தார். ஒரு தம்பதியர் ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டது அதுவே முதன்முறை. மனநோய் மருத்துவமனையில் கழிந்த மூன்று ஆண்டுகள் அந்தப் பீடத்துக்குத் தடையாகவில்லை. அவ்வாண்டுகளை அவமானம் என்று மடித்து வைக்காமல், தன் ஏட்டில் அவற்றுக்குரிய இடத்தைக் கொடுத்த இருபத்திரண்டு வயது மகளுக்கும் இதில் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

இறந்தோர் அனைவரையும் நினைவுகூரும் நவம்பர் மாதத்தில் அந்நூலின் முதற் பகுதியை மீண்டும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். இம்முறை தந்தையைத் தேடிப் படியுங்கள். பிறகு, உங்கள் தந்தையைப் பற்றி ஒரு பக்கமேனும் எழுதிப் பாருங்கள். அவர் ஏற்ற பொறுப்புகளை மற்றவர்கள் எழுதுவார்கள். அவர் பொறுமையிழந்த ஒரு நாளையும், உங்கள் பெயரை மறந்துபோன நாளையும், அப்போது அவர் அருகில் இருந்தவர் யார் என்பதையும் நீங்கள் எழுதுங்கள்.